குடலில் விடை கண்ட டாக்டர் டே

எங்கள் ஆச்சிக்குக் கோபம் வந்தால் வாயில் வரும் முதல் வசை, கழிச்சலில் போவான் என்பதுதான். திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, கல்யாணம் முடித்துத் தாராவிக்கு வந்து, பிள்ளைகள் வளர்ந்தபின் கல்யாணுக்குக் குடியேறியவர் அவர். பாலைக் கவிழ்த்த பூனை முதல் பாடம் படிக்காத பேரன் வரை எல்லோருக்கும் அந்த வசையை வஞ்சனையின்றி வழங்குவார். அது வெறும் வசையன்று, ஒரு காலத்து அச்சத்தின் எச்சம் என்பது எனக்கு வெகுநாள் கழித்தே விளங்கியது. கழிச்சல் என்றால் வாந்திபேதி. வாந்திபேதி என்றால் காலரா. அது ஊருக்குள் நுழைந்தால், காலையில் ஏர் பூட்டியவன் மாலையில் பாடையேறுவான். பெயரைச் சொல்லவும் மக்கள் அஞ்சிய நோய் அது.

அந்த வசையின் பொருளை இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் எங்கள் வீட்டிலேயே கண்டேன். கல்யாண் கிழக்கில் நாங்கள் குடியிருக்கும் சாலில் குழாய்த் தண்ணீர் கலங்கலாக வந்த வாரம். அப்பாவுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. காலரா அன்று, மழைக்காலத்தில் வீட்டுக்கு வீடு வந்துபோகும் சாதாரணப் போக்குத்தான். மருந்துக் கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு அப்பா படுத்துவிட்டார். குடிக்கும் தண்ணீரெல்லாம் போக்காகத்தானே போகிறது, எனவே தண்ணீர் கொடுக்க வேண்டாம் என்று அண்டை வீட்டார் யோசனை கூறினர். நாங்களும் கேட்டோம். படித்தவன் என்று பெயர் பெற்ற நானும் கேட்டேன். இரண்டாம் நாள் இரவு போக்கு நின்றது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் சிறுநீரும் நின்றுவிட்டது என்பதை எவரும் கவனிக்கவில்லை.

மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது அப்பாவின் சிறுநீரகங்கள் இரண்டும் வேலைநிறுத்தம் செய்திருந்தன. மூன்று முறை டயாலிசிஸ் செய்தார்கள். அந்த நாட்களில் அம்மா பேசிய சொற்கள் பத்துக்கு மேல் இரா. அறைக்கு வெளியே இருந்த மரப்பெஞ்சில் அமர்ந்து நான் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். கெட்டது வயிறு. சிறுநீரகம் ஏன் கெட வேண்டும்? இந்தக் கேள்வியை இரவுப் பணியில் இருந்த இளம் டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் வங்காளத்துக்காரர், கல்கத்தாவில் படித்தவர். எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் தம் ஊரில் ஒருவர் ஏறத்தாழ இதே கேள்வியிலிருந்து புறப்பட்டு உலகத்தையே காக்கும் விடை ஒன்றைக் கண்டார் என்று அவர் கூறினார். அந்தப் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். சம்பு நாத் டே!

மாணவ நண்பர்களே! அந்தப் பெயரை உங்களில் எத்தனை பேர் அறிவீர்கள்? விஞ்ஞானம் பயிலும் நானே அறிந்திருக்கவில்லை. அந்த வெட்கத்தால் தேடிப் படித்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

இளமை

வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் கரிபாட்டி என்பது ஒரு சிற்றூர். 1915ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் அங்கே சம்பு நாத் பிறந்தார். எளிய குடும்பம்; தந்தை சிறு வணிகர். ஊர்ப் பள்ளியில் நன்றாகப் படித்துப் பெற்ற உதவித்தொகை ஹூக்ளி மொசின் கல்லூரிக்கு வழி திறந்தது. அங்கிருந்து கல்கத்தா மருத்துவக் கல்லூரிக்குச் சென்று 1939இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

கை நிறையச் சம்பாதிக்க விரும்பும் டாக்டர் நோயாளியின் நாடியைப் பிடிப்பார். சம்பு நாத் பிடித்ததோ நுண்நோக்கிக் கருவியை. நோய் உடலின் உறுப்புகளில் என்ன மாற்றம் செய்கிறது என்று ஆராயும் நோய்க்குறியியலைத் தம் துறையாகக் கொண்டார். வருவாய் குறைந்த துறை அது. அவருக்கு அதில்தான் நாட்டம்.

நாடு விடுதலை பெற்ற 1947இல் லண்டன் சென்றார். அங்கே யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவப் பள்ளியில் சர் ராய் கேமரன் என்னும் புகழ்பெற்ற பேராசிரியரிடம் பயின்று, 1949இல் டாக்டர் பட்டத்துடன் திரும்பினார். லண்டனில் அவர் ஆராய்ந்தவை இரண்டு. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது எப்படி என்பது ஒன்று. மூளையின் அறைகளில் நீர் தேங்கினால் மூளைக்கு என்ன நேர்கிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் காலராவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. உடலில் நீர் இருக்க வேண்டிய இடத்தை விட்டு இருக்கக்கூடாத இடத்துக்கு ஏன் பாய்கிறது என்னும் சிந்தனை அப்போதே அவர் மனத்தில் ஊன்றிவிட்டது.

சிறுநீரகத்தில் தொடங்கிய வினா

கல்கத்தா திரும்பியவர் நீலரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கங்கை முகத்துவாரமாகிய வங்காளம் காலராவின் தாயகம். 1817இல் அங்கிருந்து புறப்பட்ட கொள்ளை நோய்தான் பிறகு அலையலையாக உலகைச் சுற்றியது. ஆண்டுதோறும் கல்கத்தா மருத்துவமனைகளில் காலரா நோயாளிகள் குவிந்தனர். இறந்தவர்களின் உறுப்புகள் டேயின் மேசைக்கு வந்தன. அவர் அவற்றின் சிறுநீரகங்களைப் பார்த்தார்.

இவ்விடத்தில் சிறுநீரகத்தைப் பற்றி ஒரு சொல். இரண்டும் சேர்ந்து முந்நூறு கிராம் எடைதான் இருக்கும். ஆனால் இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அவற்றுக்கே போகிறது. நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் ஒன்றரை, இரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றிவிட்டு மற்றதையெல்லாம் உடலுக்கே திருப்பித் தருகின்றன. அவ்வளவு இரத்தம் வேண்டும் உறுப்பு, இரத்தம் குறைந்தால் என்னாகும்? கடுமையான காலராவில் ஒருவர் ஒரே நாளில் பத்து, இருபது லிட்டர் நீரையும் இழக்கக்கூடும். இரத்தம் சுண்டுகிறது. மூளையையும் இதயத்தையும் காப்பதற்காக உடல் மற்ற உறுப்புகளின் பங்கைக் குறைக்கிறது. வறட்சிக் காலத்தில் தலைமடைக்காரன் நீரைப் பிடித்துக்கொண்டால் கடைமடைப் பயிர் கருகுவதில்லையா? அப்படித்தான் சிறுநீரகமும் கருகுகிறது. வயிற்றுப்போக்கு நின்று பிழைத்துவிட்டார் என்று மகிழ்ந்த வீட்டில், சிறுநீர் இறங்காமல் நஞ்சு ஏறி நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ சாவு விழுவது அந்நாளில் அடிக்கடி நடந்தது.

காலராவில் இறந்தவர்களின் சிறுநீரகங்களில் நேர்ந்த மாற்றங்களை, அவற்றின் புறணி முழுவதுமே பட்டுப்போன நிலை வரை, டேயும் அவருடைய தோழர் இருவரும் ஆராய்ந்து 1954இல் அமெரிக்க நோய்க்குறியியல் இதழ் ஒன்றில் வெளியிட்டனர். சிறுநீரகம் குற்றவாளியன்று, அது பழி வாங்கப்பட்ட அப்பாவி. குற்றம் நடந்த இடம் மேலே இருந்தது. அந்த இடத்தை நோக்கியே டே நடந்தார். அது குடல்.

முயலின் குடல்

இனி ஒரு பழைய கதை. 1884இல் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் கல்கத்தாவில்தான் காலராக் கிருமியைத் தனியே பிரித்து, இதுவே நோய்க்குக் காரணம் என்று நிறுவினார். வளைந்த சிறு குச்சி போன்ற கிருமி அது. அது ஏதோ ஒரு நஞ்சை உண்டாக்குகிறது என்றும் அவர் கருதினார். ஆனால் அந்த நஞ்சை அவரால் காட்ட முடியவில்லை. பின்வந்தவர்களும் எழுபது ஆண்டுகள் தேடினர். எங்கே தேடினர்? கிருமியை எலியின் வயிற்றறையிலும் விலங்குகளின் இரத்தக் குழாயிலும் ஊசியால் ஏற்றினர். விலங்குகள் செத்தன. ஆனால் அவற்றுக்குக் காலரா வரவில்லை. அரிசி கழுவிய நீர் போன்ற அந்தப் போக்கு வரவே இல்லை. செத்த கிருமியின் உடல் சிதைந்து வெளிப்படும் நஞ்சு ஒன்று இரத்தத்தில் கலந்து கொல்கிறது என்று எண்ணிக்கொண்டனர்.

டேயின் அறிவுக் கூர்மையை இங்கே காண்கிறோம். நோயாளியின் இரத்தத்தில் காலராக் கிருமி புகுவதில்லை. குடலின் உட்குழியிலேயே தங்குகிறது, சுவரையும் துளைப்பதில்லை. அப்படியிருக்க, இரத்தத்தில் ஏற்றிப் பார்ப்பதில் என்ன பொருள்? குடலில் நடக்கும் நோயைக் குடலில் அல்லவா தேட வேண்டும்!

அவர் செய்த சோதனையைப் பள்ளிப் பிள்ளைக்கும் விளக்கலாம். ஒரு முயலுக்கு மயக்க மருந்து கொடுத்து வயிற்றைத் திறந்தார். சிறுகுடலில் ஒரு துண்டின் இரு முனைகளையும் நூலால் கட்டினார். இரத்த ஓட்டம் கெடாமல் அந்தத் துண்டை உடலுக்குள்ளேயே விட்டார். கட்டிய துண்டுக்குள் காலராக் கிருமியை ஊசியால் செலுத்தினார். ஒப்பிடுவதற்காக வேறொரு துண்டில் கிருமியில்லாத நீரைச் செலுத்தினார். வயிற்றைத் தைத்துவிட்டு மறுநாள் திறந்து பார்த்தார். கிருமியில்லாத துண்டு சுருங்கிக் கிடந்தது. கிருமி செலுத்திய துண்டோ பலூன் போல உப்பியிருந்தது. உள்ளே, காலரா நோயாளியிடம் காண்பது போன்ற அதே நீர்! 1953இல் இச்சோதனையை டே தம் தோழர் ஒருவருடன் சேர்ந்து வெளியிட்டார்.

எண்ணிப் பாருங்கள். கோடிக் கணக்கில் விலையுள்ள கருவி எதுவும் இல்லை. முயல், நூல், ஊசி, கத்தி, இவற்றோடு சரியான ஒரு கேள்வி. அவ்வளவுதான்.

அதே முறையால் 1956இல் மற்றொன்றையும் கண்டார். ஈ. கோலை என்னும் கிருமி நம் எல்லோர் குடலிலும் வாழ்வது, பெரும்பாலும் தீங்கற்றது. வயிற்றுப்போக்கு நோயாளிகளிடமிருந்து எடுத்த அதன் சில வகைகளும் முயலின் குடல் துண்டை அவ்வாறே உப்பச் செய்தன. குழந்தைகளை வாட்டும் வயிற்றுப்போக்குகளில் ஒரு பெரும் பகுதிக்குக் காரணமான கிருமி இனத்தை அடையாளம் காண அது முதற்படியாயிற்று.

இனி ஒரே ஒரு படி எஞ்சியிருந்தது. உப்பச் செய்வது கிருமியா, கிருமி சுரக்கும் பொருளா? கிருமியை வளர்த்த திரவத்தை வடிகட்டி, உயிருள்ள கிருமி ஒன்றுகூட இல்லாதபடி செய்து, அந்த வடிநீரை மட்டும் குடல் துண்டில் செலுத்தினார். துண்டு உப்பியது! கிருமி உயிரோடிருக்கும்போதே வெளியே சுரக்கும் நஞ்சுதான் காரணம் என்பது தெளிவாயிற்று. காக் ஊகித்து எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, அதே கல்கத்தாவில், 1959ஆம் ஆண்டு மே மாதம் நேச்சர் இதழில் அந்தக் கட்டுரை வந்தது. அதன் கீழ் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது: எஸ். என். டே.

பரேலில் ஒரு துணை

மும்பைவாசிகளாகிய நாம் பெருமைப்பட வேண்டிய செய்தியும் இதில் உண்டு. கல்யாணிலிருந்து லோக்கல் ரயிலில் கோட்டைப் பக்கம் போகும்போது பரேல் நிலையத்தைத் தாண்டுகிறோம் அல்லவா? அங்கே பழைய கவர்னர் மாளிகையில் அமைந்திருப்பது ஹாஃப்கின் நிலையம். காலராவுக்கும் பிளேக்குக்கும் தடுப்பூசி கண்ட ஹாஃப்கின் பெயரைத் தாங்கியது. அங்கே டாக்டர் என். கே. தத்தாவும் அவருடைய குழுவினரும் ஏறத்தாழ பத்து நாள் வயதுள்ள முயல் குட்டிகளின் குடலில் காலராவை உண்டாக்கும் முறையை 1955இல் வெளியிட்டனர். உயிருள்ள கிருமியில்லாத பொருளே அக்குட்டிகளுக்குப் போக்கை உண்டாக்குவதை 1959இல் காட்டினர். கல்கத்தாவும் பம்பாயும் ஒரே ஆண்டில், இரு வேறு வழிகளில், ஒரே உண்மையின் வாசலைத் தட்டின. நான் எத்தனையோ முறை அந்த நிலையத்தைக் கடந்திருக்கிறேன். சன்னல் ஓரத்தில் இடம் கிடைக்குமா என்பதைத் தவிர வேறெதையும் நினைத்ததில்லை!

கண்டுபிடிப்பின் பயன்

டே கண்ட நஞ்சை 1969இல் அமெரிக்காவில் தூய பொருளாகப் பிரித்தெடுத்தனர். அது வேலை செய்யும் விதமும் பின்னர் துலங்கியது. அந்த நஞ்சுக்கு இரு பகுதிகள். ஐந்து கால் கொண்ட ஒரு பகுதி குடற்சுவரின் உயிரணுவைப் பற்றிக்கொள்கிறது. மற்றொரு பகுதி உள்ளே நுழைந்து, அந்த அணுவின் உப்பு மதகைத் திறந்துவிட்டு மூட முடியாமல் செய்துவிடுகிறது. உப்பு வெளியேறுகிறது, உப்பின் பின்னே நீரும் ஓடுகிறது. ஆனால் குடற்சுவர் கிழிவதில்லை, சாவதும் இல்லை. சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால் உறிஞ்சிக்கொள்ளும் அதன் இயல்பும் கெடுவதில்லை.

இதிலேதான் ஏழையின் உயிர் இருக்கிறது. சுவர் கெடவில்லையென்றால் வாய்வழியே கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் உள்ளே போகும், உயிர் நிற்கும். கல்கத்தாவில் ஹேமேந்திர நாத் சட்டர்ஜி 1953இலேயே இத்தகைய கரைசலைக் கொடுத்துப் பார்த்திருந்தார். டாக்காவில் 1968இல் அது முறையாக மெய்ப்பிக்கப்பட்டது. 1971இல் வங்கதேச அகதிகள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டி வந்தபோது, பன்காவ் முகாமில் டாக்டர் திலீப் மகலானபிஸ் டிரம்களில் கரைத்து வைத்துக் குவளை குவளையாக ஊட்டினார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது.

அந்தக் கரைசலின் பொட்டலம் இன்று எந்த மருந்துக் கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. அப்பா மாத்திரை வாங்கிய கடையிலும் அது இருந்தது. கேட்க எங்களுக்குத் தெரியவில்லை. தண்ணீர் கொடுக்காதே என்ற யோசனையைக் கேட்டோமே, அந்த யோசனைதான் எத்தனை தலைமுறைகளைக் கொன்றிருக்கும்! போகும் நீரை நிறுத்துவது முதல் வேலையன்று. போன நீரை உடனுக்குடன் திரும்ப ஊட்டுவதே முதல் வேலை. சிறுநீரகம் காத்திருக்காது.

காவலும் சிறுநீரகமும்

டேயின் கண்டுபிடிப்பால் மாறிய இன்னொன்று உண்டு. அந்நாளில் காலராவுக்குத் தடுப்பூசியைக் கையில் குத்தினார்கள். திருவிழாவுக்குப் போகிறவனும் கப்பலேறுகிறவனும் குத்திக்கொள்ள வேண்டும். அது காத்தது சில மாதங்களே, அதுவும் அரைகுறையாக. காரணம் பின்னர் விளங்கியது. கையில் குத்திய ஊசி இரத்தத்தில் காவலரை நிறுத்துகிறது. கள்வனோ குடலின் உட்குழியில் இருக்கிறான். தெருவில் திருடன், கொல்லையில் காவல்! தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும் என்ற பழைய விதியை உலக நாடுகள் 1973இல் கைவிட்டன.

குடலுக்கெனத் தனிக் காவற்படை ஒன்று உண்டு. குடற்சுவரின் கீழே குடியிருக்கும் அணுக்கள் ஐ.ஜி.ஏ. என்னும் எதிர்ப்புப் புரதத்தைச் சுரந்து உட்குழியில் விடுகின்றன. நம் உடல் நாள்தோறும் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்களில் மற்ற வகைகள் அனைத்தையும் கூட்டினாலும் இதுவே மிகுதி. கிருமி சுவரைப் பற்றுமுன் அதைச் சூழ்ந்து செயலறச் செய்வதும், நஞ்சின் கால்களை மறிப்பதும் இதன் பணி. இதைத் தட்டியெழுப்ப மருந்தை வாயில் கொடுக்க வேண்டும். டே கண்ட நஞ்சின் தீங்கற்ற பகுதியைச் சேர்த்து ஒரு வாய்வழித் தடுப்பு மருந்து ஐரோப்பாவில் உருவாயிற்று. நஞ்சின் பகுதி சேராமல் கொன்ற கிருமியை மட்டும் கொண்ட எளிய வாய்வழி மருந்துக்கு இந்தியாவில் 2009இல் உரிமம் கிடைத்தது.

இங்கே கதை மீண்டும் சிறுநீரகத்துக்குத் திரும்புகிறது. காவலனே தடம் புரண்டால்? 1968இல் பாரிஸில் ஷான் பெர்ஷே என்னும் அறிஞரும் அவருடைய தோழியரும் சில நோயாளிகளின் சிறுநீரக வடிகட்டிகளில் இதே ஐ.ஜி.ஏ. படிந்திருப்பதைக் கண்டனர். இளைஞர்களை மிகுதியும் தாக்கும் நோய் அது. தொண்டையிலோ குடலிலோ தொற்று வந்த ஓரிரு நாளில் சிறுநீர் தேநீர் நிறத்தில் இரத்தம் கலந்து போகும். பலருக்கு அதுவும் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் சிறுநீரகம் தேயும். நம் நாட்டில் இந்நோயின் போக்கை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து ஆராய்ந்து வருகின்றனர்.

குடல் போன்ற இடங்களில் பணிபுரிய வேண்டிய புரதம், சற்றே அமைப்புக் குறைபட்டு, இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது என்று இன்றைய ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. அதனால்தான் சிறுகுடலின் கடைப்பகுதியில் கரைந்து, அங்கேயே குடற்காவலைத் தணிக்கும் மருந்தொன்று இச்சிறுநீரக நோய்க்காக 2021இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சிறுநீரக நோய்க்குக் குடலில் மருந்து! டே இதைக் காண உயிரோடில்லை. ஆனால் கெட்ட உறுப்பை மட்டும் பாராமல், கெடுதல் புறப்பட்ட இடத்தைத் தேடு என்னும் அவருடைய வழியில்தான் மருத்துவம் இன்றும் நடக்கிறது.

மறந்த நாடு

1955இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரிக்கு மாறிய டே, அங்கே தம் துறையின் தலைவராக உழைத்து 1973இல் ஓய்வு பெற்றார். அதுவரை அவருக்கு இந்நாடு செய்த சிறப்பு என்ன? பெரிய விருது இல்லை. நம் நாட்டு விஞ்ஞானக் கழகங்கள் எதுவும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. நஞ்சைத் தூய்மைப்படுத்தும் அடுத்த படியை எட்ட வேண்டிய வசதிகளும் அவருக்குப் போதிய அளவில் வாய்க்கவில்லை. ஓசையின்றிக் கல்லூரிக்குப் போனார், ஓசையின்றித் திரும்பினார்.

உலகம் மறக்கவில்லை. 1978இல் காலரா பற்றி நடந்த நோபல் கருத்தரங்குக்கு அவரை அழைத்தனர். நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பர்க் அவருடைய பெயரை அப்பரிசுக்கு ஒரு முறைக்கு மேல் பரிந்துரைத்தார். பரிசு வரவில்லை. 1985ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் டே மறைந்தார். ஐந்தாண்டுகள் கழித்து, 1990இல், பெங்களூரிலிருந்து வரும் கரண்ட் சயன்ஸ் இதழ் அவர் நினைவாகச் சிறப்பிதழ் வெளியிட்டது. விளக்கு அணைந்தபின் எண்ணெய் ஊற்றுவது நமக்குப் பழக்கமாகிவிட்டதோ?

ஆயினும் டேயை இரங்கத்தக்கவராக எண்ண என் மனம் ஒப்பவில்லை. விருது பெற்றவர்களின் பட்டியல் நீளமானது. உயிர் பெற்றவர்களின் பட்டியலோ அதனினும் நீளமானது. அதை எழுதி முடிக்க எவராலும் ஆகாது. அந்தப் பட்டியலில் கல்யாண் கிழக்கில் வாழும் ஒருவர் பெயரும் உண்டு.

ஒன்பதாம் நாள் காலை அப்பாவுக்குச் சிறுநீர் இறங்கியது. அளவுக் குவளையில் அரை அங்குலம்தான். அம்மா அதைப் பார்த்துவிட்டு அழுதார். கோயில் தீர்த்தத்தைக்கூட அவர் அவ்வளவு பக்தியோடு பார்த்து நான் கண்டதில்லை. நீரின்றித் துவண்ட சிறுநீரகம் காலத்தில் கவனித்தால் பெரும்பாலும் மீளும் என்று டாக்டரம்மா சொன்னது பலித்தது. இன்று அப்பா வேலைக்குப் போகிறார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரத்தச் சோதனை உண்டு.

எங்கள் வீட்டு அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இப்போது நான்கு உப்புச் சர்க்கரைப் பொட்டலங்கள் எப்போதும் இருக்கின்றன. மழை தொடங்கியதும் சாலில் வீடு வீடாகச் சென்று, ஒரு பொட்டலத்தைக் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும், போகும் ஒவ்வொரு முறைக்கும் குடிக்கக் கொடுக்க வேண்டும், எட்டு மணி நேரம் சிறுநீர் இறங்காவிட்டால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்று சொல்லி வருகிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிலர் வாங்கி வைக்கிறார்கள். தண்ணீர் கொடுக்காதே என்று அன்று யோசனை சொன்ன அண்டை வீட்டு அத்தைதான் முதலில் வாங்கி வைத்தார்.

தோழர்களே! நம்மிடம் பெரிய ஆய்வுக்கூடம் இல்லை, வசதி இல்லை என்று நாம் சலித்துக்கொள்ளும் நேரங்கள் உண்டு. அப்போது ஒரு முயலையும் ஒரு முழ நூலையும் நினைத்துக்கொள்வோம். விடை தேடி எழுபது ஆண்டுகள் அலைந்த அறிஞர்களுக்குக் கருவி குறையவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் கேட்கவில்லை. அந்த இடம் தெரிந்தவர் கரிபாட்டியில் பிறந்த சிறு வணிகரின் மகன்.

ஆச்சியிடம் இந்தக் கதை முழுவதையும் ஒரு மாலையில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அந்தக் கழிச்சலையே ஒருவன் கட்டிப் போட்டுவிட்டானா என்று வியந்தார். அதன் பிறகு அந்த வசையை அவர் வாயில் நான் கேட்கவில்லை. பூனை மட்டும் இன்னும் பாலைக் கவிழ்த்துக்கொண்டுதான் இருக்கிறது.